ஓப்பன்பிளாஸ் பொதி: சீரியலா, பி-த்ரெட்டா, ஓப்பன்எம்பியா?

நம்பை, ஆர், ஆக்டேவ் என்று எந்தக் கணிதக் கருவியை எடுத்தாலும் அடியில் மேட்ரிக்ஸ் கணக்கைப் போடுவது பல கணினிகளில் ஓப்பன்பிளாஸ் என்ற நூலகம்தான். அதைப் பொதியாக்க (மற்றவர்கள் நிறுவ ஏதுவாகக் கட்டித் தர) உட்காரும் எவரும் முதல் நாளே ஒரு கேள்வியில் நின்றுவிடுகிறார்கள்: த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் இழை) அமைப்பை எப்படி வைத்து பில்ட் செய்வது: த்ரெட்டே இல்லாத சீரியலா, த்ரெட்களை இயக்கும் இரு வழிகளான பி-த்ரெட்டா, ஓப்பன்எம்பியா? என்னிடம் கேட்கிறவர்களில் பலர் பாதிப் பதிலோடுதான் வருவார்கள். "ஓப்பன்எம்பிதானே புதுசு, அதையே போட்டுவிடட்டுமா?"

வேகத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்கிறார்கள். ஆனால் ஒற்றைப் புரோகிராம் ஒரு பெரிய மேட்ரிக்ஸைப் பெருக்கும்போது பி-த்ரெட் பில்டுக்கும் ஓப்பன்எம்பி பில்டுக்கும் பெரும்பாலும் சொல்லும்படியான வித்தியாசம் இருக்காது. வேகத்தை வைத்து இங்கே முடிவெடுக்க முடியாது. பார்க்க வேண்டியது, இந்த நூலகத்தை அழைக்கப்போகும் புரோகிராம் என்ன செய்கிறது என்பதை. அது தானே த்ரெட்களை உருவாக்குமா? ஃபோர்க் செய்யுமா, அதாவது தன்னையே நகலெடுத்துக் குழந்தை பிராசஸை உருவாக்குமா? இல்லை, ஒரே த்ரெட்டில் போய்க்கொண்டு கணக்கை மட்டும் நூலகத்திடம் விட்டுவிடுமா? பொதியாக்குபவருக்கு இருக்கும் உண்மையான சிரமம், அந்தப் புரோகிராம் எது என்று அவருக்குத் தெரியாது என்பதே.

ஃபிளாக் (பில்ட் நேரத் தேர்வு) பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி எழுதுகிறேன். மூல நிரலில் மேக்ஃபைல்.ரூல் என்ற கோப்பைத் திறந்தால் எல்லாம் பெரிய ஆங்கில எழுத்துகளில், விளக்கக் குறிப்போடு இருக்கும். நமக்கு வேண்டிய மூன்று தேர்வுகள் இவை:

- யூஸ்_த்ரெட்=0: நூலகம் த்ரெட் எதையும் உருவாக்காது. இதுதான் சீரியல்.
- யூஸ்_த்ரெட்=1: நூலகம் தனக்கென்று ஒரு த்ரெட் பூல் (தயாராக நிற்கும் த்ரெட்களின் கூட்டம்) வைத்துக்கொள்ளும். இதுதான் பி-த்ரெட்.
- யூஸ்_ஓப்பன்எம்பி=1: த்ரெட் வேலையை ஓப்பன்எம்பியின் ரன்டைம் நூலகத்திடம் விட்டுவிடும். ஜிசிசி கம்பைலரில் அதன் பெயர் லிப்கோம்ப்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன். ஒன்று, ஃபோர்க்குக்குப் பிறகு பிழைக்குமா. இரண்டு, அழைப்பவரே பல த்ரெட்களில் இருந்து அழைத்தால் என்ன ஆகும். மூன்று, பயனர் ஒன்றும் அமைக்காமல் அப்படியே ஓட்டினால் கணினியைத் திணறடிக்குமா. நான்கு, தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ள முடியுமா.

நான்காவதுக்கு இப்போதே பதில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது நல்ல செய்தி. மூன்று பில்டுகளும் வெளியே காட்டும் ஃபங்ஷன்கள் ஒன்றேதான். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால், மேலே இருக்கும் நம்பையையோ ஆரையோ மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. எல்லாப் பொதிகளுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. பெர்லை யூஸ்த்ரெட்ஸ் ஃபிளாக்கோடு பில்ட் செய்தால் பைனரி இடைமுகமே மாறிவிடும், சி நிரலோடு இணைந்த எல்லா எக்ஸ்எஸ் மாட்யூல்களையும் திரும்பக் கம்பைல் செய்தாக வேண்டும். டெபியன், ஃபெடோரா லினக்ஸ்களின் பெர்லில் கட்டமைப்புப் பெயரின் இறுதியில் "த்ரெட்-மல்ட்டி" என்று வருவது அதற்காகத்தான். அங்கே முடிவு ஒருமுறை எடுப்பது. ஓப்பன்பிளாஸில் அந்த முடிவைப் பயனர் நிறுவும் நேரம் வரைக்கும் தள்ளிப்போடலாம்.

## சீரியல்

எம்பிஐ, அதாவது ஒரே கணக்கைப் பல பிராசஸ்களாகப் பிரித்து ஓட்டும் முறையில் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் சரி. 32 கோர் உள்ள கணினியில் 32 எம்பிஐ பிராசஸ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓப்பன்பிளாஸ் 32 த்ரெட் எழுப்பினால் மொத்தம் 1024. 32 கோருக்கு 1024 த்ரெட் அடித்துக்கொண்டால், ஒரே கோரில் ஓட்டுவதைவிட மெதுவாகப் போகும் நிலையும் வரலாம். சீரியலில் இந்தப் பேச்சே கிடையாது. உயர்செயல்திறன் கணினிகளுக்கான ஸ்பாக் என்ற பொதி நிறுவும் கருவியில் ஓப்பன்பிளாஸின் த்ரெட் தேர்வுக்கு இயல்புநிலை "நன்", அதாவது த்ரெட் இல்லாத பில்ட். அந்தக் கருவியின் பயனர்கள் யார் என்று யோசித்தால் காரணம் புரியும்.

ஃபோர்க் பிரச்சினையும் கிடையாது. உடைவதற்கு இங்கே பூல் எதுவும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு, அது மோசமானது. சீரியல் என்றால் த்ரெட்-பாதுகாப்பானது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நூலகம் த்ரெட் உருவாக்காது, சரி. ஆனால் மேலே இருக்கும் புரோகிராம் தன் நான்கு த்ரெட்களில் இருந்து ஒரே நேரத்தில் அழைத்தால்? உள்ளே இருக்கும் தற்காலிக நினைவகப் பகுதிகளை எல்லோரும் பங்குபோட வேண்டும், அதைக் காக்கும் பூட்டு வெறும் யூஸ்_த்ரெட்=0 பில்டில் இல்லை. கிராஷ் ஆனாலாவது கண்ணில் படும். ஆகாமல் தப்பான விடை வந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இதற்காகவே யூஸ்_லாக்கிங்=1 என்று தனி ஃபிளாக் வைத்திருக்கிறார்கள். சீரியல் பொதி செய்கிறவர் இதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. பூட்டின் விலை மிகக் குறைவு, அது இல்லாவிட்டால் வரும் பிழையைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஸ்பாக்கில் இது இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது.

இன்னொரு செலவு வெளிப்படையானது. மடிக்கணினியில் ஆக்டேவைத் திறந்து 5000-க்கு 5000 மேட்ரிக்ஸைப் பெருக்கும் மாணவிக்கு ஒரு கோர்தான் வேலை செய்யும், மற்றவை சும்மா இருக்கும். அவருக்குக் காரணமும் தெரியாது.

## பி-த்ரெட்

அந்த மாணவிக்கு இதுதான் ஏற்றது. புரோகிராம் ஒரே த்ரெட்டில் இருக்கும், நூலகம் உள்ளே எல்லாக் கோர்களையும் பயன்படுத்தும், அவர் எதையும் அமைக்க வேண்டாம்.

ஃபோர்க்கையும் இது தாங்கும். ஃபோர்க்குக்குச் சற்று முன்னால் ஓப்பன்பிளாஸ் தன் பூலை மூடிவிடுகிறது, குழந்தை பிராசஸில் முதல் தேவை வரும்போது புதிதாகத் திறந்துகொள்கிறது. பைத்தானின் மல்ட்டிபிராசஸிங், ஆரின் எம்சிஎல்அப்ளை இரண்டும் லினக்ஸில் ஃபோர்க்கை நம்பி வளர்ந்தவை. நிறையப் பேர் எழுதி வைத்திருக்கும் ஸ்கிரிப்டுகள் அவை. அவற்றை உடைக்காமல் இருப்பது பொதியாக்குபவரின் கடமை என்று நினைக்கிறேன். பைத்தானின் பிப் வழியாக வரும் நம்பை வீல்களுக்குள் (தயார்நிலைப் பொதிகளுக்குள்) பி-த்ரெட் பில்டே வைக்கப்பட்டிருக்கிறது.

சிக்கல், அழைப்பவரும் த்ரெட் வைத்திருக்கும்போது. பூல் ஒன்றுதான். புரோகிராமின் இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் பெரிய மேட்ரிக்ஸ் பெருக்கலைக் கேட்டால் ஒன்று முடியும்வரை இன்னொன்று காத்து நிற்கும். அதோடு, இந்தப் பூலுக்கும் ஓப்பன்எம்பிக்கும் ஒன்றையொன்று தெரியாது. மேலே ஓப்பன்எம்பி லூப் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து பி-த்ரெட் ஓப்பன்பிளாஸை அழைத்தால், ஓப்பன்எம்பி லூப் ஒன்றைக் கண்டதாகவும், புரோகிராம் தொங்கிவிடலாம் என்றும், யூஸ்_ஓப்பன்எம்பி=1 வைத்து மறுபடி பில்ட் செய்யும்படியும் ஓர் எச்சரிக்கை வரும். அந்த வரி யாருடைய லாகில் வந்தாலும் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இன்னொரு செலவு, பலர் சேர்ந்து பயன்படுத்தும் சர்வர்களில் தெரியவரும். நூலகம் ஏற்றப்பட்டவுடனே பூலைத் திறக்கப் பார்க்கும். ஒரு பயனர் இத்தனை பிராசஸ்தான் வைத்திருக்கலாம் என்று வரம்பு போட்டிருந்தால், "இம்போர்ட் நம்பை" என்ற ஒரே வரியிலேயே பி-த்ரெட்_கிரியேட் (த்ரெட் உருவாக்கம்) தோற்றுப்போனதாகப் பத்துப் பதினைந்து வரிகள் கொட்டும். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துப் பயந்துபோய் பைத்தானையே மறுபடி நிறுவுவதைப் பார்த்திருக்கிறேன். ஓப்பன்பிளாஸ்_நம்_த்ரெட்ஸ் என்ற சூழல் மாறியை 1 என்றோ 4 என்றோ வைத்தால் போதும்.

கன்டெய்னர்களிலும் கவனம் வேண்டும். 64 கோர் உள்ள கணினியில் ஒரு பாடுக்கு (கன்டெய்னர் குழுவுக்கு) 2 சிபியு என்று கோட்டா போட்டிருந்தாலும், ஓப்பன்பிளாஸின் கண்ணுக்கு 64-ம் தெரியும். சிபியுசெட் போட்டு, இந்தக் கோர்கள் மட்டும் என்று கட்டினால் அதை மதிக்கும். நேர அளவில் போடும் கோட்டாவை அது பார்ப்பதில்லை. ஓப்பன்எம்பி பில்டிலும் இதே கதைதான்.

## ஓப்பன்எம்பி

மேலிருந்து கீழ்வரை எல்லாம் ஓப்பன்எம்பியாக இருக்கும் இடத்தில் இதைவிட நல்லது இல்லை. குவாண்டம் வேதியியல், வானிலை மாதிரி என்று ஃபோர்ட்ரானில் எழுதிய பெரிய நிரல்கள் பல இந்த வகை. ஓப்பன்பிளாஸின் ஓப்பன்எம்பி பில்ட், தான் ஏற்கெனவே ஓர் இணை லூப்புக்குள் இருந்து அழைக்கப்படுகிறோமா என்று ரன்டைமிடம் கேட்கும். ஆம் என்றால் ஒரே த்ரெட்டில் அடங்கி வேலை செய்யும். இல்லையென்றால் எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொள்ளும். பூல் ஒன்று, கட்டுப்பாடு ஒன்று. ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் மாறி ஒன்றை வைத்து மொத்தப் புரோகிராமையும் ஆளலாம். 

அப்படியிருந்தும் பொதுப் பயன்பாட்டுக்கான இயல்புநிலையாக இதை வைக்க எனக்குத் தயக்கம். காரணம் ஃபோர்க்.

ஓர் ஆய்வுக்கூடத்துக்காக நான் பொதி பராமரித்துவந்த காலத்தில் பி-த்ரெட்டிலிருந்து ஓப்பன்எம்பிக்கு மாற்றினேன். பில்ட் நேரச் சோதனைகள் எல்லாம் தேறின. இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து, தன் வேலை ராத்திரி முழுக்க நகரவே இல்லை என்றார். டாப் கருவியில் பார்த்தால் எட்டுக் குழந்தை பிராசஸ்களும் 0% சிபியுவில் தூங்கிக்கொண்டிருந்தன. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. ஜிடிபி டீபக்கரை இணைத்துப் பார்த்தபோது எல்லாமே லிப்கோம்புக்குள் காத்திருந்தன, ஃபோர்க்கில் கூட வராத த்ரெட்களுக்காக.

நடந்தது இதுதான். தாய் பிராசஸ் ஒருமுறை இணைக் கணக்கு போட்டதும் லிப்கோம்ப் பூல் திறந்துவிடுகிறது. ஃபோர்க் செய்தால் அழைத்த த்ரெட் மட்டுமே குழந்தைக்குப் போகும், ஆனால் பூல் இருப்பதாகக் குறித்த நினைவு அப்படியே போய்விடும். குழந்தை அடுத்த இணைக் கணக்கைத் தொடங்கும்போது, இல்லாத த்ரெட்களுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். எல்எல்விஎம் கம்பைலரின் ஓப்பன்எம்பி ரன்டைம் ஃபோர்க்கைக் கையாளும், ஜிசிசியின் லிப்கோம்ப் கையாளாது. என் சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை? சின்ன மேட்ரிக்ஸ் என்றால் ஓப்பன்பிளாஸ் த்ரெட்டே போடாது, நேராகக் கணக்கிட்டுவிடும். சோதனைகளில் இருந்ததெல்லாம் 10-க்கு 10, 50-க்கு 50. அந்த ஆராய்ச்சியாளரின் ஒரு ராத்திரி வீணானது என் கவனக்குறைவால். அதற்குப் பிறகு பெரிய மேட்ரிக்ஸ் வைத்த ஃபோர்க் சோதனை இல்லாமல் நான் எந்தப் பொதியையும் வெளியிட்டதில்லை.

வேறு செலவுகளும் உண்டு. ஒரே பிராசஸுக்குள் லிப்கோம்பும் எல்எல்விஎம்-இன் லிப்ஓஎம்பியும் வந்து சேர்ந்தால் பூல்கள் இரண்டாகிவிடும், ஒரே கட்டுப்பாடு என்ற ஆதாயம் போய்விடும். அழைப்பவர் ஓப்பன்எம்பி அல்லாத சாதாரண த்ரெட்களில் இருந்து ஒரே நேரத்தில் அழைத்தால், எத்தனை அழைப்புகள் இணையாக ஓடலாம் என்பதை நம்_பேரலல் என்ற ஃபிளாக் தீர்மானிக்கும். அந்த எண்ணைத் தாண்டினால் காத்திருப்பு, இல்லாவிட்டால் தரவு கெட்டுப்போகும் அபாயம் என்று மேக்ஃபைல்.ரூலிலேயே எச்சரித்திருக்கிறார்கள். பொதியாக்குபவர்கள் அதிகம் கவனிக்காமல் விடும் ஃபிளாக் இது.

## ஒரே பார்வையில்

| | சீரியல் | பி-த்ரெட் | ஓப்பன்எம்பி (லிப்கோம்ப்) |
|---|---|---|---|
| ஃபோர்க்குக்குப் பிறகு | பிரச்சினை இல்லை | பூல் புதிதாகத் திறக்கும் | தொங்கலாம் |
| அழைப்பவரே பல த்ரெட் | யூஸ்_லாக்கிங் கட்டாயம் | ஒருவர் பின் ஒருவர் காத்திருப்பு | ஓப்பன்எம்பி த்ரெட் என்றால் நன்று, வேறென்றால் நம்_பேரலல் பார்க்கவும் |
| அமைக்காமல் ஓட்டினால் | ஒரு கோர் மட்டும் | எல்லாக் கோரும் | எல்லாக் கோரும், லூப்புக்குள் ஒன்று |
| கட்டுப்படுத்தும் மாறி | தேவையில்லை | ஓப்பன்பிளாஸ்_நம்_த்ரெட்ஸ் | ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ் |
| ஏற்ற இடம் | எம்பிஐ, பல வொர்க்கர் ஓட்டும் சர்வர் | மேசைக்கணினி, பைத்தான், ஆர் | முழுக்க ஓப்பன்எம்பியில் எழுதிய நிரல் |

## எதைத் தேர்ந்தாலும் விடக்கூடாத ஒன்று

த்ரெட் உள்ள இரண்டு பில்டுகளிலும் நம்_த்ரெட்ஸ் என்ற எண்ணைக் கையால் எழுதுங்கள். அது இப்போது எத்தனை த்ரெட் ஓடும் என்பதைச் சொல்வதில்லை. உச்சவரம்பு எவ்வளவு என்பதை பில்ட் நேரத்திலேயே நூலகத்துக்குள் பதித்துவிடுகிறது. எழுதாமல் விட்டால் பில்ட் நடக்கும் கணினியின் கோர்களை எண்ணி எடுத்துக்கொள்ளும். உங்கள் பில்ட் சர்வர் 4 கோர் உள்ள மெய்நிகர் கணினி என்றால், அந்தப் பொதியை 64 கோர் கணினியில் நிறுவியவருக்கும் 4-தான். யாரும் பிழை என்று புகார் தரமாட்டார்கள். "மெதுவாக இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதற்காக 1024 என்று எழுதிவிடவும் கூடாது, த்ரெட் எண்ணிக்கைக்கு ஏற்ப உள் அட்டவணைகளும் நினைவக ஒதுக்கீடும் பெருகும். பொதுப் பயன்பாட்டுக்கு 64-க்கும் 128-க்கும் இடையில் வைப்பது நியாயமாகத் தோன்றுகிறது. பல சிபியு வகைகளுக்கும் சேர்த்துக் கட்டும் டைனமிக்_ஆர்க்=1 போட மறந்தாலும் இதே வகைச் சிக்கல்தான். பில்ட் கணினியின் சிபியுவுக்கு மட்டும் பொருந்தும் நூலகம் வெளியே போய்விடும்.

## மற்றவர்கள் எப்படித் தீர்த்தார்கள்

டெபியன் மூன்றையும் தருகிறது: லிப்ஓப்பன்பிளாஸ்0 என்ற பெயரோடு பி-த்ரெட், ஓப்பன்எம்பி, சீரியல் என்று மூன்று பொதிகள். ஒன்றுக்கு மேல் நிறுவினால் ஆல்டர்நேட்டிவ்ஸ் அமைப்பு பி-த்ரெட்டுக்கு முன்னுரிமை தரும், பயனர் ஒரே கட்டளையில் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபெடோரா கோப்புப் பெயரில் பிரித்திருக்கிறது. பெயரின் கடைசியில் "ஓ" வந்தால் ஓப்பன்எம்பி, "பி" வந்தால் பி-த்ரெட், எதுவும் இல்லாவிட்டால் சீரியல். ஒவ்வொரு பொதியும் தனக்குப் பிடித்ததோடு இணைந்ததால் ஒரே பிராசஸுக்குள் இரண்டு ஓப்பன்பிளாஸ் வந்து சேரும் வாய்ப்பு இருந்தது. 2020-இல் வந்த ஃபெடோரா 33-இலிருந்து எல்லோரும் ஃப்ளெக்ஸிபிளாஸோடு இணைகிறார்கள். அது நடுவில் நின்று அழைப்பைக் கைமாற்றிவிடும். இயல்பாக அது கைகாட்டுவது ஓப்பன்எம்பி பில்டை. மேலே சொன்ன காரணத்துக்காக நான் அதை ஏற்கமாட்டேன், ஆனால் மாற்றிக்கொள்ளும் வழி தெளிவாக இருக்கிறது.

கான்டா-ஃபோர்ஜ் பொதிக் களஞ்சியத்தில் லினக்ஸுக்கு இயல்பு பி-த்ரெட். பில்ட் பெயரில் ஓப்பன்எம்பி என்று கேட்டால் அதுவும் கிடைக்கும்.

ஃபூரியர் உருமாற்றம் செய்யும் எஃப்எஃப்டிடபிள்யூ நூலகத்தின் வழி எனக்கு இன்னும் பிடிக்கும். அடிப்படை நூலகம் தனிக் கோப்பு, பி-த்ரெட் பகுதி தனிக் கோப்பு, ஓப்பன்எம்பி பகுதி தனிக் கோப்பு. பொதியாக்குபவர் இரண்டு ஃபிளாக்கையும் போட்டுவிட்டால் போதும், எது வேண்டும் என்பதை மேலே நிரல் எழுதுகிறவர் இணைக்கும்போது முடிவு செய்துகொள்வார்.

## நீங்கள் யாருக்காகப் பொதியாக்குகிறீர்கள்

பொது லினக்ஸ் விநியோகத்துக்கு என்றால் மூன்றையும் கட்டுங்கள், பி-த்ரெட்டை இயல்பாக வையுங்கள். பில்ட் நேரம் மூன்று மடங்காகும், அப்புறம் சோதனையும் மூன்று முறை. அந்த உழைப்பு நமக்கு ஒருமுறை, பயனருக்கு மிச்சமாகும் நேரம் ஒவ்வொரு நாளும்.

கிளஸ்டருக்கு என்றால் சீரியல், யூஸ்_லாக்கிங்கோடு. ஓப்பன்எம்பி நிரல்கள் வைத்திருப்பவர்களுக்குத் தனி மாட்யூலாக ஓப்பன்எம்பி பில்டையும் கொடுத்துவிடுங்கள். அதன் விளக்கக் குறிப்பில் ஃபோர்க் பற்றிய எச்சரிக்கை கட்டாயம் இருக்கட்டும்.

வலைச் சேவைக்கான கன்டெய்னருக்கு என்றால், வொர்க்கர்களே பல இருப்பதால் சீரியல் போதும். பி-த்ரெட் பில்ட்தான் கையில் இருக்கிறது என்றால் சூழல் மாறியை 1 என்று இமேஜிலேயே எழுதிவிடுங்கள்.

ஒரே ஒரு பில்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு: பி-த்ரெட்.

வெளியிடும் முன் இரண்டு சோதனைகள். முதலாவது, கட்டியது உண்மையிலேயே நீங்கள் நினைத்த பில்ட்தானா என்பது. ஓப்பன்பிளாஸ்_கெட்_பேரலல் ஃபங்ஷன் சீரியலுக்கு 0, பி-த்ரெட்டுக்கு 1, ஓப்பன்எம்பிக்கு 2 என்று திருப்பித் தரும். பைத்தான் வழியாகப் பார்க்க த்ரெட்பூல்சிடிஎல் என்ற சின்னக் கருவி இருக்கிறது, அது ஏற்றப்பட்ட ஒவ்வொரு நூலகத்தின் த்ரெட் அமைப்பையும் பெயர் சொல்லிக் காட்டும். இரண்டாவது, தாய் பிராசஸில் 2000-க்கு 2000 மேட்ரிக்ஸ் ஒன்றைப் பெருக்கி, பிறகு ஃபோர்க் செய்து, குழந்தையிலும் அதையே பெருக்கச் சொல்வது. 60 விநாடி டைம்அவுட் வையுங்கள். பில்ட் கணினியில் ஒரே கோர் இருந்தால் இந்தச் சோதனை எப்போதும் தேறிவிடும், ஆகவே குறைந்தது இரண்டு கோர் உள்ள கணினியில் ஓட்டுங்கள்.